செவலைக்குட்டிக்கு ஓர் இடம்

முழுப்பரீட்சை லீவுக்கு அம்மாயி ஊருக்குப் போகும்போது, சேலத்தில் ஏறின பஸ் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டுவதற்குள் காற்றின் வாசம் மாறிவிடும். ஒரு பக்கம் சேகோ ஆலைகளின் புளித்த வாடை, இன்னொரு பக்கம் கோழி எருவின் நெடி. 1989. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரியில்தான். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே போனால் எங்கள் அம்மாயி வீடு. மேட்டாங்காடு. அங்கே பூமிக்கடியில் பாறைதான். வெடி வைத்துப் பிளந்து சதுரமாக இறக்கின கிணறுகள்; ஒரு பக்கச் சுவரில் பாறையிலேயே படி வெட்டியிருப்பார்கள், பாதி ஆழத்தில் அதுவும் நின்றுபோகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் காட்டுக்குக் காடு போர் போட ஆரம்பித்த பிறகு இந்தக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. சித்திரையில் எட்டிப்பார்த்தால் அடியில் சேறும், புறாக்களின் எச்சமும்தான்.

அப்படி ஒரு கிணற்றுக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. விடிகாலையில் பால் கறக்கப் போன மாமா முதலில் கீரி என்று நினைத்தார். நான் ஓடிப்போய் குப்புறப்படுத்து எட்டிப்பார்த்தேன். பாறைத் திட்டு ஒன்றில் சிவப்பாக ஒரு நாய்க்குட்டி நின்றிருந்தது. மாமா படி முடிகிற இடம்வரை இறங்கி, அங்கிருந்து தாம்புக்கயிற்றைப் பிடித்துத் தொங்கித் திட்டில் கால் வைத்தார். பயந்து ஒடுங்கும் என்று பார்த்தால், அது அவர் கயிற்றின் நுனியைக் கவ்வி இழுக்க ஆரம்பித்துவிட்டது. இறக்கின கூடையில் வைத்தால் வெளியே குதிக்கிறது. கடைசியில் துண்டில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு ஏறினார். மேலே வந்தபோது அவர் மார்பு முழுக்க நகக்கீறல்.

அம்மாயி குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள். அரிசி முனைகளாகப் பால்பற்கள். பின்னங்கால் இரண்டிலும் ஐந்தாவது விரல் தொங்கியது. வால் நுனியில் மட்டும் வெள்ளை. பிறகு புரட்டிப்போட்டு வயிற்றைப் பார்த்தாள்.

"பெட்டை. அதான் போட்டுட்டாங்க."

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. கடுவன் குட்டி என்றால் கேட்டு வாங்க ஆள் வரும். பெட்டை என்றால் வருஷத்துக்கு இரண்டு ஈத்து, அவ்வளவு குட்டிகளையும் என்ன செய்வது என்று பயந்து கண் திறக்கும் முன்பே கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் இருந்தார்கள். இந்தக் குட்டிக்கு இரண்டு மாசமாவது ஆகியிருக்கும். அவ்வளவு நாள் யாரோ வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு கிணறு.

அன்றைக்கே அம்மாயி ஒரு கட்டளை போட்டாள். யாரும் இதற்குப் பேர் வைக்கக்கூடாது. பேர் வைத்தால் விட மனசு வராது. போகிற வீட்டுக்காரர்தான் வைக்கவேண்டும். நாங்கள் செவலைக்குட்டி என்று மட்டும் சொன்னோம். நிறத்தைச் சொல்வது பேர் ஆகாதல்லவா!

குட்டியை வைத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் தாத்தா, எங்கள் அப்புச்சி. வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போய், தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தார். குட்டிக்கோ அசைகிற எதையும் துரத்தவேண்டும். அம்மாயியின் கொசுவம், கொடியில் காயும் வேட்டி, அடைக்கோழி, என் செருப்பு, களத்தில் பறக்கும் சருகு எல்லாம் அதற்கு ஒன்றுதான். பொழுது சாய்கிற நேரத்தில் காரணமே இல்லாமல் ஒரு வேகம் பிடிக்கும். காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, களத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். புழுதி எழும்பும். நாங்கள் கூச்சலிட்டால் இன்னும் வேகம். ஒரு நாள் அந்த ஓட்டத்தில் அப்புச்சியின் தடியைக் கவ்வி இழுத்தது. அவர் திண்ணை ஓரத்தில் சரிந்து விழுந்து முழங்கை தோல் உரிந்தது.

மாமா குச்சியை எடுத்தார். அப்புச்சி விழுந்த இடத்திலிருந்தே கை நீட்டித் தடுத்தார். வாதத்தில் பேச்சு குழறும். ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னார். "அத அடிக்காத. அதுக்கு ஓட எடம் வேணும். இங்க இல்ல."

அந்த நாளிலிருந்துதான் இடம் தேட ஆரம்பித்தோம். தேடினது முழுக்க அம்மாயிதான், நான் கூடவே நடந்தேன். இன்றைக்கும் யாராவது நாய்க்குட்டிக்கு வீடு பார்க்கிறோம் என்றால் எனக்கு அந்தக் கோடையின் வெயில்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். 1985இல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருந்தது. மாட்டுக்கு ஒன்றென்றால் ஊர்க்காரர்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். ஈச்சங்கூடையில் குட்டியை வைத்துக் கூடை வாயில் பழைய சேலை கட்டி, பஸ்ஸில் அம்மாயி மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக கூடை ஆடிக்கொண்டே இருந்தது. டாக்டர் வயிற்றைத் தட்டிப்பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார். மூன்று மாசம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வரச்சொன்னார். அம்மாயி அந்த நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் அந்தப் பயம் பெரிது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா நிறுத்தியது 2004 கடைசியில்தான்.

"துருதுருன்னு இருக்கே, வியாதியாங்க?" என்று அம்மாயி கேட்டாள்.

"ஆரோக்கியம்மா அது" என்றார் டாக்டர். "வேலை குடுங்க. இல்லீனா அதுவே ஒரு வேலை தேடிக்கும்."

அம்மாயிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரிடமோ அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் இடம் கோழிப்பண்ணை. அம்மாயிக்கு அண்ணன் முறையாகிறவர் லேயர் பண்ணை வைத்திருந்தார். அந்த வருஷம்தான் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் கொட்டகைகள் கூடிக்கொண்டிருந்தன. காவலுக்கு நாய் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிப்போனார். மறுநாள் பார்க்கப் போனோம். கூண்டுகள் ஆள் உயரத்துக்குக் கீழே வரிசையாகத் தொங்க, அடியில் எரு குவிந்து கிடந்தது. குட்டி கட்டை அறுத்துக்கொண்டு அதற்குள் நுழைந்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியது. தலைக்கு மேலே கோழிகள் வரிசை வரிசையாக எழும்பி இறக்கையடித்தன. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி அந்தச் சத்தம் கொட்டகை முழுக்க நகர்ந்துகொண்டே போனது. மிரண்ட கோழி முட்டையைக் குறைத்துவிடும், தோல்முட்டை போடும். பண்ணைக்காரருக்கு அது வயிற்றுப்பாடு. அவர் கோபிக்கவில்லை. ஒரு அட்டை முட்டையும் கொடுத்துக் குட்டியையும் திருப்பிக் கொடுத்தார். அம்மாயிக்கு அதில் நிம்மதிதான். செத்த கோழியைத் தின்று பழகின நாய் உயிரோடு இருப்பதையும் ஒரு நாள் பார்க்கும் என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் உறுத்தல் இருந்தது.

அடுத்தது சேகோ ஆலை. அங்கே வாட்ச்மேனாக இருந்த பெரியவர் தனியாள், குட்டியைத் தன் சோற்றிலேயே வளர்க்கிறேன் என்றார். ஆசையாகத்தான் கேட்டார். குச்சிக்கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்துத் தொட்டியில் தெளியவைத்து, அந்த மாவைக் குலுக்கி உருட்டி, சட்டியில் வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயப்போடுவார்கள். ஏக்கர் கணக்கில் வெள்ளை. கண் கூசும். சேலத்தில் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தபிறகு ஆலைக்காரர்கள் மூட்டைகளை அங்கே கொண்டுபோய் ஏலத்தில் விற்றார்கள். வெள்ளையாக இருந்தால்தான் விலை. செவலைக்குட்டி அந்தக் களத்தைக் கண்டதும் நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தது. உருண்டைகள் காலடியில் நழுவின. அவ்வளவுதான், பாய்ந்து ஓடி, வழுக்கி, புரண்டு, மறுபடி ஓடியது. ஈரமண் ஒட்டின பாதம் வெள்ளை முழுக்கப் பதிந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே வாரியெடுத்துத் தனியாகக் கொட்டினார்கள். ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பெரியவருக்குத்தான் கண் கலங்கியது.

லாரி டிரைவர் ஒருவர் வடநாட்டு லைனுக்கு வழித்துணையாகக் கூட்டிப்போகிறேன் என்று வந்தார். அம்மாயி தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். கேபினுக்குள் உட்கார்ந்தே நாக்பூர் போகிற குட்டியா இது?

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஓர் ஆசை வளர்ந்திருந்தது. சேலத்துக்கு நானே கூட்டிப்போகவேண்டும். அம்மாபேட்டையில் எங்களுடையது வாடகை வீடு. ஐந்து குடித்தனத்துக்கு ஒரு வாசல். லீவு முடியும் முன்பே அப்பா அம்மாவோடு என்னை அழைத்துப்போக வந்தபோது நான் அழுத அழுகையில் அவர் மனசு இளகிவிட்டது. "சரி, கூட்டிட்டுப் போலாம்" என்றார்.

அம்மாயி மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். அடுப்பங்கரையில் இருந்த அம்மாவிடம், திண்ணைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "மாப்பிள்ளை சொன்னா மறுக்கக் கூடாது கண்ணு. ஆனா பகல்ல நீயும் வேலைக்குப் போயிருவ, அவரும் போயிருவாரு, இவளும் பள்ளிக்கூடம் போயிருவா. அந்த வாசல்ல சங்கிலி போட்டுக் கட்டுனா ரெண்டே மாசத்துல அது கடிநாயாப் போயிரும். அப்பறம் அதயும் ஆராவது கெணத்துலதான் போடுவாங்க."

அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து களத்துக்குப் போனார். குட்டி அங்கே தன் ஓட்டத்தில் இருந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பி வந்து என் தலையில் கைவைத்து, "அம்மாயி சொல்றதுதான் சரி" என்றார். எனக்கு அப்போது ஆறவில்லை. அம்மாயியோடு இரண்டு நாள் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை, என் தட்டில் மட்டும் நெய் கூடுதலாக விழுந்தது. பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்ததால் அப்பாவும் அம்மாவும் என்னை விட்டுவிட்டே போனார்கள்.

இன்று சேலத்தில் நாய்க்குட்டித் தத்து என்றால் போனில் படம் வருகிறது. கண்ணைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள். குட்டி பாவமாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் கிடைத்துவிடுகிறது. இந்தக் குட்டி எவ்வளவு தூரம் ஓடும், வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், வயசாளி இருக்கிறாரா, மொட்டைமாடியில் கட்டிப்போடப் போகிறீர்களா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் கோபம் வருகிறது. இரக்கப்பட்டு எடுக்க வந்தவரை விசாரிப்பதா என்கிறார்கள். விசாரிக்கத்தான் வேண்டும் என்பேன். இரக்கத்தில் எடுத்துப்போய் நான்கு மாசத்தில் பால்பல் விழுந்து கடைவாய்ப்பல் முளைக்கிற நேரத்தில், சோபாவைக் கடிக்கிறது என்று தெருவில் விடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்து பழகின குட்டிக்குத் தெரு ஒரு கிணறுதான். பெட்டைக்குட்டியை வேண்டாம் என்பதும் இன்னும் முழுதாக ஓயவில்லை. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கின புளூ கிராஸ் அறுபதுகளிலேயே நாய்களுக்குக் கருத்தடை செய்து காட்டியது. நாடு முழுவதற்குமான கருத்தடை விதிகள் 2001இல் வந்தன, 2023இல் புதுப்பித்தார்கள். இந்த வசதி அம்மாயி காலத்துக் காட்டில் இருந்திருந்தால் எத்தனை குட்டிகள் கிணற்றுக்குத் தப்பியிருக்கும்!

அந்த வருஷ வைகாசியில் ஒரு நல்ல கோடை மழை பெய்தது. உழவுக்கு முன்னால் காட்டில் பட்டி போட ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்து ஆள். மேச்சேரி இனச் செம்மறி. இளம் பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை மயிர், பெட்டைகளுக்குக் கொம்பு கிடையாது. தோலுக்குப் பேர் போன ஆடு. இந்த இனத்துக்கென்று பொட்டனேரியில் 1978இலேயே அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. மூங்கில் படல்களை வட்டமாக நிறுத்தி ராத்திரி ஆடுகளை அடைப்பார். மறுநாள் படலை நகர்த்துவார். காடு முழுக்கச் சாணமும் மூத்திரமும் சேரும். கூலி தானியமாக.

நான் பால் கொண்டுபோனபோது செவலைக்குட்டியும் பின்னால் வந்துவிட்டது. ஆடுகளைக் கண்டதும் பாய்ந்தது. நான் கத்தினேன்.

"கூப்டாதீங்க அம்மிணி. சும்மா நில்லுங்க" என்றார் அவர்.

கூட்டத்திலிருந்து ஒரு தாயாடு முன்னால் வந்து தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி இரண்டு புரட்டல் புரண்டு விழுந்தது. எழுந்தது. குரைக்கவில்லை. தாயாடு காலைத் தரையில் உதைத்தது. குட்டி அப்படியே வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. முகம் மட்டும் ஆடுகளைப் பார்த்தபடி. மூச்சு வாங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மறி வந்து அதன் மூக்கை முகர்ந்தது. வந்த நாள் முதலாக அந்தக் குட்டி விழித்திருக்கும்போது அசையாமல் கிடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆட்டுக்காரர் பக்கத்தில் வந்து பாதத்தின் அடியைத் தடவினார், மார்பை விரல்களால் அளந்தார், பின்னங்கால் விரலைப் பார்த்தார். "எத்தன மாசங்க?" என்று கேட்டார். மூன்றுக்குள் என்றேன். "இதான் வயசு. இப்ப ஆட்டோட விட்டாத்தான் ஆட்ட சொந்தம்னு நெனைக்கும்" என்றார். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் நாய்களின் நடத்தை பற்றி எழுதின நூலில், பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் தன் கூட்டமாகக் கொள்ளும் என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். அந்த மனிதர் அதை ஆட்டுப்பட்டியில் படித்திருந்தார்.

சாயங்காலம் அம்மாயி வந்தாள். பெட்டை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"பெட்டைதானுங்க ஆத்தா வேணும். கடுவன் ஊர் சுத்தப் போயிரும். பெட்டை பட்டிய உட்டு நகராது."

"கட்டிப் போடுவியாப்பா?"

"ஆட்டுக்கே கட்டு இல்லீங்க. நாய்க்கு எதுக்குங்க?"

"என்ன போடுவ?"

"நாங் குடிக்கற கூழுதானுங்க."

அம்மாயி அதோடு விடவில்லை. பட்டி ஓரத்தில் அவருடைய கிழட்டு நாய் படுத்திருந்தது. இரண்டு கண்ணிலும் வெண்படலம். அதன் பக்கத்தில் குந்தி, கழுத்து மயிரை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். கயிறு அறுத்த தழும்பு இல்லை. காதைத் திருப்பிப் பார்த்தாள். உண்ணி ஒன்றுகூட இல்லை, பிடுங்கின தடம் இருந்தது. முதுகைத் தடவினால் அது கையை முகர்ந்துவிட்டுத் தலையைக் கீழே போட்டுக்கொண்டது. "இதுக்குக் கண்ணு தெரியாதே, பட்டி மாத்தறப்போ எப்படி வரும்?" என்றாள்.

"தூக்கிட்டுத்தானுங்க போவேன். எம்பட ஆடு ஒன்னு நரிக்குப் போகாம பாத்துக்குச்சு, பத்து வருசத்துக்கு மேல" என்றார் அவர்.

அம்மாயி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். அவர் மடியை அவிழ்த்து ஒன்னேகால் ரூபாயை எடுத்து நீட்டினார். நாயைச் சும்மா வாங்கக்கூடாதாம். தடுப்பூசி போடவேண்டிய நாளையும், கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியையும் அம்மாயி அவரிடம் இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தாள். அவர் சரியாகச் சொன்னார். எங்கள் காட்டில் பட்டி இருந்த நாள்வரை குட்டி ராத்திரிகளில் அங்கேயே கிடந்தது. கடைசிப் படலைப் பிடுங்கிக்கொண்டு போனபோது அவர்களோடு போனது. ராக்கி என்று பேர் வைத்திருந்தார். எந்த சினிமாவில் கேட்டாரோ தெரியாது.

பொங்கல் லீவில் மாமாவோடு புதன்சந்தைப் பக்கம் போனபோது அந்தப் பட்டியைப் பார்த்தேன். நெஞ்சு அகன்று, கால் நீண்டு, சாலைக்கும் ஆடுகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது ராக்கி. நான் கூப்பிட்டதும் ஓடிவந்து கையை நக்கியது, வால் உடம்பையே ஆட்டியது. அதற்குள் ஒரு மறி சாலைப் பக்கம் விலகிற்று. என்னை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் போய்க் குறுக்கே நின்றது. அன்றுதான் அதன் முழு ஓட்டத்தைப் பார்த்தேன். எங்கள் களம் அதற்கு எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாயியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கூழ் கிண்டிக்கொண்டே, "ஒடம்பு எப்பிடி இருக்குது? காதுல உண்ணி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மறு வருஷம் ஆடியில் ஆட்டுக்காரர் ஒரு கூடையோடு வந்தார். ராக்கியின் ஈத்து, நான்கு குட்டிகள். "ஆளு பாத்துக் குடுங்க ஆத்தா. நீங்க பாத்தா செரியா இருக்கும்" என்றார். ஒன்றை அவரே பட்டிக்கு நிறுத்திக்கொண்டார். ஒன்று மலையடிவாரத்தில் கிழங்குக் காட்டுக்குப் பன்றிக் காவலுக்குப் போனது. இன்னொன்றை ஆலை வாட்ச்மேன் பெரியவர் வந்து எடுத்துப்போனார். அவர் ஆலையை விட்டுவிட்டு மகன் காட்டுக்கே வந்திருந்தார், அம்மாயி சொல்லியனுப்பினதும் அன்று மாலையே வந்துவிட்டார். நான்காவது குட்டி கொஞ்சம் மந்தம். கூடையைக் கவிழ்த்ததும் மற்றவை நாலா பக்கமும் ஓட, அது நேராக நடந்து அப்புச்சியின் கட்டிலடியில் போய், கீழே தொங்கின அவர் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. தடியை முகர்ந்துபார்த்தது, விட்டுவிட்டது. அதைக் கேட்டு வந்த இரண்டு பேரையும் அம்மாயி வெறுங்கையோடு அனுப்பினாள். அன்றைக்கே அதற்கு மணி என்று பேர் வைத்துவிட்டாள்.